வம்சாவளியில் விடுபட்டவர்கள்

பொன்னமராவதிக்கு நான் மாப்பிள்ளையாக வந்தவன். பிறந்தது காரைக்காலில். படித்தது பிரெஞ்சு வழியில். வேலை பார்த்தது புதுச்சேரி அரசில், எழுத்தராக. ஓய்வு பெற்றதும் மனைவியின் ஊரிலேயே இருந்துவிடலாம் என்று முடிவு செய்தபோது, "கடலை விட்டுட்டுக் கண்மாய்க் கரைக்குப் போறியா?" என்று என் வீட்டார் கேலி செய்தார்கள். இப்போது கண்மாய்க் காற்று பழகிவிட்டது. ஆனால் பழைய காகிதத்தைக் கண்டால் கை பரபரக்கும் குணம் மட்டும் போகவில்லை.

போன ஆடி மாதம் மைத்துனர் வீட்டில் பரணைச் சுத்தம் செய்தார்கள். ஒரு தகரப் பெட்டி இறங்கியது. "அத்தான், கரையான் தின்னது போக மிச்சம் இருக்கு. உங்களுக்குத்தான் இதெல்லாம் பிடிக்குமே, பாருங்க" என்று என் முன்னால் வைத்தார். கிஸ்தி ரசீதுகள், ஒரு கிரயப் பத்திரம், இரண்டு ஜாதகங்கள், அவற்றுக்கு அடியில் நான்காக மடித்த ஒரு தாள். பிரித்துப் பார்த்தால் வம்சாவளி. என் மாமனாரின் கையெழுத்து, நீல மை. தலைப்பில் "இனாம் விஷயமாக" என்று எழுதியிருந்தது. கீழே கோடு போட்டு, கிளை பிரித்து, ஐந்து தலைமுறை ஆண்களின் பெயர்கள்.

என் மனைவி கண்ணாடியை மாட்டிக்கொண்டு மேலிருந்து கீழே விரலை ஓட்டினாள். "இதுல நான் எங்கே இருக்கேன்?" என்றாள்.

"பொம்பளைப் பிள்ளைங்க பேரை எழுதுற வழக்கம் இல்லக்கா" என்றார் மைத்துனர்.

"சரி, நான் வேற வீட்டுக்குப் போனவ. அத்தை எங்கே போனாங்க? அவங்க இந்த வீட்டுலதானே இருந்தாங்க?"

அத்தை என்றது என் மாமனாரின் அக்காவை. பதினேழு வயதில் கணவனை இழந்து பிறந்த வீட்டுக்கே திரும்பியவர். அதன்பின் ஐம்பது வருடத்துக்கு மேல் அந்த அடுப்படி அவருடையது. இந்த வீட்டுப் பிள்ளைகள் அத்தனை பேரையும் இடுப்பில் தூக்கி வளர்த்தவர். தாளில் அவருக்கு ஒரு புள்ளிகூட இல்லை. யாரும் பதில் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அதற்குப் பதில் தேடித்தான் நம் பழைய சமஸ்தானத்து அரச குடும்பமான தொண்டைமான்களின் வரலாற்றை மறுபடி எடுத்துப் படித்தேன். படித்ததில் தெரிந்ததை வயதில் ஒத்த நண்பர்களோடு பகிர்ந்துகொள்ளத் தோன்றியது.

காரைக்கால் ரிஜிஸ்டர்

முதலில் என் தொழில் அனுபவம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். காரைக்காலிலும் புதுச்சேரியிலும் நகராட்சி அலுவலகத்தை நாங்கள் 'மேரி' என்போம். அங்கே பிரெஞ்சுக்காரர் காலத்துப் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவேடுகள் இருக்கும். அவற்றுக்கு 'எத்தா சிவில்' என்று பெயர். 1962 ஆகஸ்ட் 16 அன்று சட்டப்படி எங்கள் ஊர்கள் இந்தியாவோடு சேர்ந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்பியவர்களுக்கு ஆறு மாதத் தவணை கொடுத்தார்கள். அந்த விவகாரத்தின் வால் என் பணிக்காலம் முழுவதும் நீண்டது. "என் தாத்தா இன்னார், அவர் பிரெஞ்சுப் பிரஜை, இதோ ஆதாரம்" என்று காட்ட, பேரன் பேத்திகள் பழைய பதிவின் நகல் கேட்டு வந்துகொண்டே இருந்தார்கள்.

பக்கம் பக்கமாகப் படித்து நகல் எழுதியதில் இரண்டு விஷயம் எனக்குப் புரிந்தது. ஒன்று, சும்மா இருக்கும்போது யாரும் வம்சாவளி எழுதுவதில்லை. நிலமோ, பதவியோ, பென்ஷனோ, குடியுரிமையோ, ஏதாவது ஒன்றைக் கேட்கும்போதுதான் எழுதுகிறார்கள். வம்சாவளி என்பது பாதி மனு. மனுவில் தேவையான பெயர்கள் இருக்கும். தேவையில்லாதவை இருக்காது.

இரண்டாவது, அந்தப் பிரெஞ்சுப் பதிவில் தகப்பன் பெயர் மாதிரியே தாயின் பெயரும் கேட்கப்படும். அதனால் ஆண் வழியில் தேடித் தொலைந்துபோன எத்தனையோ குடும்பங்களைப் பாட்டியின் திருமணப் பதிவை வைத்துக் கண்டுபிடித்திருக்கிறேன். ஒரு தடவை ஒரு அம்மாள், மூன்று மாதம் அலைந்தும் தன் தாத்தாவின் பிறப்புப் பதிவு கிடைக்கவில்லை என்று கண் கலங்கி நின்றார். பாட்டி பெயர் என்ன என்று கேட்டேன். "அது எதுக்குங்க?" என்றார். சொன்னார். கல்யாணப் பதிவில் பாட்டியைப் பிடித்தோம், பக்கத்திலேயே தாத்தா நின்றிருந்தார், எந்த ஊரில் பிறந்தவர் என்ற விவரத்தோடு.

இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டு புதுக்கோட்டைக்கு வருவோம்.

இந்திரனில் தொடங்கிய பட்டியல்

நம் பொன்னமராவதி அன்றைக்குப் புதுக்கோட்டை சமஸ்தானத்தின் திருமயம் தாலுகாவைச் சேர்ந்தது. 1948 மார்ச் 3 அன்று இந்தியாவோடு இணையும் வரை இங்கே ஆண்டவர்கள் தொண்டைமான்கள். ஒன்பது அரசர்கள், ஏறத்தாழ 260 ஆண்டுகள்.

இந்தக் குடும்பத்துக்கு ஒரு பழைய வம்சாவளி உண்டு. அது தமிழில் இல்லை, தெலுங்கில் இருக்கிறது. 18-ஆம் நூற்றாண்டின் நடுவில் நுதுருபாடி வெங்கன்னா என்ற புலவர் பாடிய 'தொண்டைமான் வம்சாவளி'. குலத்தின் தொடக்கத்தை அது இந்திரனிடம் கொண்டுபோய் வைக்கிறது. திருப்பதிப் பக்கத்துத் தொண்டைமண்டலத்திலிருந்து வந்து கறம்பக்குடி, அம்புக்கோவில் பகுதியில் குடியேறியவர்கள் என்பதும், விஜயநகர வழிவந்த ஸ்ரீரங்கராயரிடம் பட்டங்கள் பெற்றவர்கள் என்பதும் குடும்ப வரலாறாகச் சொல்லப்படுவது.

ஏன் 18-ஆம் நூற்றாண்டின் நடுவில் இதைப் பாட வைத்தார்கள்? அப்போதுதான் இவர்கள் பாளையக்காரர் நிலையிலிருந்து அரசர் நிலைக்கு ஏறிக்கொண்டிருந்தார்கள். சுற்றிலும் தஞ்சை மராட்டியர், ராமநாதபுரம் சேதுபதி, ஆர்க்காட்டு நவாபு. அவர்களுக்கு நடுவில் நிமிர்ந்து உட்கார ஒரு பரம்பரை வேண்டும். தெலுங்கு அன்றைக்கு அரசவை மொழி. நான் சொன்ன மனு என்பது இதுதான். இந்திரன் அதில் முதல் சாட்சி.

ஆனால் ராஜ்யம் கைக்கு வந்த கதையில் இந்திரன் இல்லை. ஒரு பெண் இருக்கிறார். ராமநாதபுரத்தை ஆண்ட ரகுநாத கிழவன் சேதுபதி, தொண்டைமான் குடும்பத்துக் காதலி நாச்சியாரை மணந்தார். புதுக்கோட்டையை அதுவரை வைத்திருந்த பல்லவராயர், தஞ்சைப் பக்கம் சாய்கிறார் என்று சேதுபதிக்குச் சந்தேகம் வந்தது. அவரை நீக்கிவிட்டு, காதலி நாச்சியாரின் சகோதரர் ரகுநாதத் தொண்டைமானை அந்த இடத்தில் அமர்த்தினார். 1686-ஐ ஒட்டி நடந்தது இது. அரச பரம்பரைப் பட்டியலில் முதல் பெயர் ரகுநாதத் தொண்டைமான். தங்கையோ அக்காளோ, அவர் இல்லாவிட்டால் அந்த முதல் பெயரே இல்லை. ஆனாலும் கோட்டுப் படத்தில் அவருக்கு இடம் கிடையாது. அவர் வேறு வீட்டுக்குப் போனவர்.

என் மனைவியிடம் இதைச் சொன்னேன். "பார்த்தீங்களா" என்று மட்டும் சொன்னாள்.

மணலும் கடிதமும்

இந்தக் குடும்பத்தின் பழைய 'ஆவணம்' ஒன்று காகிதமே இல்லை. இரண்டாவது அரசர் விஜயரகுநாதத் தொண்டைமான், 1738-ல் திருவரங்குளம் காட்டில் சதாசிவ பிரம்மேந்திரரைச் சந்தித்தார் என்பார்கள். மௌன விரதத்தில் இருந்த சுவாமிகள் மந்திரத்தை மணலில் எழுதிக் காட்டினாராம். அரசர் அந்த மணலைத் தன் அங்கவஸ்திரத்தில் அள்ளி முடிந்துகொண்டு அரண்மனைக்குக் கொண்டுவந்து பூஜையில் வைத்தார் என்பது நாம் சிறு வயது முதல் கேட்ட செய்தி. எழுத்து கலைந்தாலும், எழுதப்பட்ட மணல் போற்றப்பட்டது. ஆவணத்தைப் பத்திரப்படுத்தும் குணம் இந்தக் குடும்பத்தில் அப்போதே இருந்தது என்று நான் எடுத்துக்கொள்வதுண்டு.

அதே அரசர் காலத்தில்தான் என் பள்ளிப் பாடமும் இந்த ஊரும் முட்டிக்கொள்கின்றன. பிரெஞ்சுப் புத்தகத்தில் துப்ளேக்ஸ் பெரிய கதாநாயகன். 1751-52-ல் திருச்சிக் கோட்டைக்குள் முகமது அலி அடைபட்டுக் கிடந்தார். வெளியே சந்தா சாகிபும் பிரெஞ்சுப் படையும். கோட்டை விழுந்துவிட்டால் கர்நாடகம் முழுவதும் துப்ளேக்ஸின் கையில். ஆனால் விழவில்லை. 1752 ஜூனில் பிரெஞ்சுத் தளபதி லா ஸ்ரீரங்கத்தில் சரணடைந்தார். 1754-ல் துப்ளேக்ஸைத் திரும்ப அழைத்துக்கொண்டார்கள். எங்கள் வாத்தியார் இந்த இடம் வரும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வார். பாரிஸ் போதிய பணமும் படையும் அனுப்பவில்லை என்பது அவர் சொன்ன காரணம்.

இங்கே வந்து படித்தபோதுதான் இன்னொரு காரணம் தெரிந்தது. திருச்சியில் இருந்த ஆங்கிலேயருக்கும் முகமது அலிக்கும் உணவுப் பொருள் போனது புதுக்கோட்டைச் சீமையிலிருந்து. ஆனந்தரங்கப் பிள்ளையின் தமிழ் நாட்குறிப்பில் தொண்டைமான் பெயர் வரும் இடங்களை இப்போது வேறு கண்ணோடு படிக்கிறேன். புதுச்சேரியிலிருந்து பார்த்தால் அவர் எதிரி. இங்கிருந்து பார்த்தால் தன் நாட்டைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு பக்கத்தைத் தேர்ந்தெடுத்த சிற்றரசர். ஒரே சம்பவத்துக்கு இரண்டு கட்டுக் காகிதம் இருந்தால் இரண்டையும் படிக்க வேண்டும்.

அந்த உதவிக்காகவும் பின்னால் ஹைதர் அலி காலத்தில் செய்த உதவிக்காகவும் வந்த கடிதங்களைத் தொண்டைமான்கள் தூக்கிப் போடவில்லை. 1803-ல் கீழாநிலைக் கோட்டையும் அதைச் சேர்ந்த ஊர்களும் தங்களுக்கு வேண்டும் என்று கும்பினியாரிடம் கேட்டார்கள். தஞ்சை மன்னர் பிரதாப சிங் கொடுத்த தானம், கர்னல் பிரெய்த்வெயிட், ஜெனரல் கூட், கவர்னர் மெக்கார்ட்னி பிரபு ஆகியோர் அதன்பின் செய்துகொண்ட ஏற்பாடுகள் ஆகியவற்றை ஆதாரமாகக் காட்டினார்கள். அரை நூற்றாண்டுக் காகிதங்கள். கேட்டது கிடைத்தது. நிபந்தனை இரண்டு: அந்தச் சீமையை யாருக்கும் கைமாற்றக் கூடாது, குடிகளைக் கொடுமைப்படுத்துவது நிரூபணமானால் திருப்பி எடுத்துக்கொள்ளப்படும். அதோடு வருடத்துக்கு ஒரு யானை கப்பமாகக் கட்ட வேண்டும்.

அந்த யானையை வாங்கியே தீருவோம் என்று கும்பினியார் ஒருபோதும் நிற்கவில்லை. கடைசியில் 1836-ல், இனி யானை தர வேண்டியதில்லை என்று முறைப்படி தள்ளுபடி செய்தார்கள். முப்பத்து மூன்று வருடம் யாரும் வற்புறுத்தாத ஒரு யானைக்காக ஃபைல் திறந்தே இருந்திருக்கிறது! அலுவலகத்தில் காலம் தள்ளிய நண்பர்களுக்கு இதன் சுவை புரியும்.

கட்டபொம்மன் விஷயத்தையும் சொல்லாமல் தாண்டினால் நீங்கள் விடமாட்டீர்கள். 1799-ல் அவர் பிடிபட்டது நம் பகுதித் திருக்களம்பூர்க் காட்டில். 1959-ல் சினிமா வந்தபிறகு 'காட்டிக் கொடுத்தவர்' என்ற சொல் தொண்டைமான் பெயரோடு ஒட்டிக்கொண்டது. கும்பினிக் கலெக்டர் லஷிங்டன் கேட்டுக்கொண்டதன்பேரில் தொண்டைமானின் ஆட்கள் தேடிப் பிடித்தார்கள் என்பது ஆவணம் சொல்வது. அடைக்கலம் கொடுத்துவிட்டு மோசம் செய்த கதை அல்ல அது; வெளிப்படையாகக் கும்பினியின் கூட்டாளியாக இருந்தவர் கூட்டாளியின் வேலையைச் செய்த கதை. அது நியாயமா என்று கேட்பவர்கள் கேட்கலாம். ஆனால் நடந்தது இன்னது என்று தெரிந்துகொண்டு கேட்க வேண்டும்.

மகள் வழி வந்த மகன்

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். 1855-ல் தஞ்சை மன்னர் சிவாஜி ஆண் வாரிசு இல்லாமல் இறந்தார். மகள் இருந்தும் கும்பினியார் ஏற்கவில்லை. தஞ்சை அரசே முடிந்துபோனது. பக்கத்து வீட்டில் இடி விழுந்த மாதிரி. சிப்பாய்க் கலகத்துக்குப் பிறகு ஆங்கிலேயர் கொள்கையை மாற்றிக்கொண்டு, ஆண் பிள்ளை இல்லாவிட்டால் சுவீகாரம் எடுத்துக்கொள்ளலாம் என்று சமஸ்தானங்களுக்கு சன்னது கொடுத்தார்கள். புதுக்கோட்டைக்கு அந்த சன்னது 1862-ல் கிடைத்தது.

அப்போது ஆண்டவர் ராமச்சந்திரத் தொண்டைமான், 1839 முதல் 1886 வரை. வாரிசாக மகன் இல்லாத நிலையில் அந்த சன்னது கை கொடுத்தது. அவருடைய மூத்த மகள் பிரகதாம்பாள் ராஜாமணி பாயி சாகிபுக்கு 1875-ல் பிறந்த பையனை 1877-ல் சுவீகாரம் எடுத்தார். மகள் வயிற்றுப் பேரன் சட்டப்படி மகனானான். அவர்தான் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான்.

படத்தில் பாருங்கள். ராமச்சந்திரர், கீழே நேர்கோடு, மார்த்தாண்டர். தகப்பன், பிள்ளை என்றுதான் கண்ணுக்குத் தெரியும். உண்மையில் நடுவில் ஒரு மகள் இருக்கிறார். தஞ்சையில் மகள் இருந்தும் ராஜ்யம் போயிற்று. இங்கே மகள் வழியாகவே ராஜ்யம் நின்றது. ஆனால் நேர்கோட்டுக்கு அவர் தேவைப்படவில்லை. முதல் முடிச்சு சகோதரி, இரண்டாவது முடிச்சு மகள். இரண்டும் கோட்டுக்கு வெளியே.

மெல்போர்னில் ஒரு கையெழுத்து

மூன்றாவதாக ஒரு பெண் வந்தார். அவரால் கோடு முறிந்தது. மார்த்தாண்டர் சிறு வயதில் பட்டத்துக்கு வந்ததால் 1894 வரை திவான் சேஷய்ய சாஸ்திரியார் பொறுப்பில் ஆட்சி நடந்தது. புதுக்குளம் முதல் ஊரின் நேர்த்தெருக்கள் வரை அவர் கைவண்ணத்தை இன்றும் பெரியவர்கள் சொல்வார்கள். அரசர் வளர்ந்தார், ஐரோப்பா போனார், அந்த வாழ்க்கையில் பிடிப்பு ஏற்பட்டது. 1915 ஆகஸ்டில் ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் மோலி ஃபிங்க் என்ற பெண்ணைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டார்.

ஆங்கில அரசு அந்தப் பெண்ணுக்கு ராணி என்ற அங்கீகாரம் தர மறுத்தது. புதுக்கோட்டைக்கு வந்தவருக்கு அரளி நஞ்சு கொடுக்கப்பட்டது என்ற பேச்சும் உண்டு. சில மாதங்களில் இருவரும் ஆஸ்திரேலியாவுக்கே திரும்பினார்கள். 1916-ல் ஆண் குழந்தை பிறந்தது, சிட்னி மார்த்தாண்டத் தொண்டைமான். அரசருக்குப் பிறந்த சொந்தப் பிள்ளை. சுவீகாரம் இல்லை, பேரன் இல்லை, மகன். ஆனால் வாரிசாக ஏற்கப்படவில்லை. 1922-ல் மார்த்தாண்டர் ஆட்சிப் பொறுப்பைத் தம் அண்ணனிடம் விட்டுவிட்டு வெளிநாட்டிலேயே தங்கினார். 1928 மே 28 அன்று பாரிஸில் இறந்தார். தகனம் லண்டன் கோல்டர்ஸ் கிரீனில். பிறந்த மண்ணுக்கு உடல் வரவில்லை.

அதே ஆண்டு நவம்பரில், குடும்பத்தின் இன்னொரு கிளையிலிருந்து ஆங்கில அரசு தேர்ந்தெடுத்த ஆறு வயதுக் குழந்தைக்குப் பட்டம் கட்டினார்கள். அவர்தான் நம்மில் பலர் நேரில் பார்த்து வணங்கிய கடைசி மன்னர் ராஜகோபாலத் தொண்டைமான். 1948-ல் சமஸ்தானத்தைக் கௌரவமாக ஒப்படைத்தவர். 1974-ல் புதுக்கோட்டை மாவட்டம் பிறந்தபோது அந்தப் புதிய அரண்மனைதான் கலெக்டர் ஆபீசானது. பட்டாவுக்கும் மனுவுக்கும் நாம் ஏறி இறங்கும் படிகள் அவை. 1997-ல் அவர் மறைந்தார்.

இதில் சரி தவறு சொல்ல நான் வரவில்லை. நல்ல அரசர் கிடைத்தார் என்பதில் இந்த ஊர்க்காரர் யாருக்கும் இரண்டு அபிப்பிராயம் இல்லை. ஆனால் ஒரு பழைய எழுத்தனாக ஒன்று தோன்றுகிறது. 1877-ல் மகளின் பிள்ளையை மகன் என்று எழுதியது காகிதம். 1928-ல் மகனை மகன் இல்லை என்று ஒதுக்கியதும் காகிதம். ரத்தம் ஒரு பக்கம் ஓடியது, வம்சாவளி வேறு பக்கம் ஓடியது.

பிரெஞ்சுச் சட்டப்படி இறப்புப் பதிவில் இறந்தவரின் பெற்றோர் பெயரும் மனைவி பெயரும் கேட்கப்படும். நான் நூற்றுக்கணக்கில் நகல் எழுதிய அதே படிவம். புதுக்கோட்டைக் கோப்புகளுக்கு மோலி ராணியா, இல்லையா என்பது பதிமூன்று வருடக் கேள்வி. மேரியில் உட்கார்ந்திருக்கும் எழுத்தனுக்கு அந்தக் கேள்வியே கிடையாது. அவன் கேட்பது, "மனைவி பெயர்?" அவ்வளவுதான். அந்த அம்மாள் 1967-ல் பிரான்சின் கான் நகரில் இறந்தார். 1991-ல் ஆஸ்திரேலியாவில் எட்வர்ட் டுய்க்கரும் கோரலி யங்கரும் அவர்கள் இருவரைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார்கள்.

எங்கள் தாள்

இப்போது மாமனாரின் தாளுக்கு வருகிறேன். "இனாம் விஷயமாக" என்ற தலைப்பைத்தான் நான் முதலில் சரியாகக் கவனிக்கவில்லை.

நம் சமஸ்தானத்தில் இனாம் நிலங்கள் மிக அதிகம். கோயிலுக்கு, பிராமணர்களுக்கு, படைவீரர்களுக்கு, அரண்மனை ஊழியக்காரர்களுக்கு, ஊர் வேலை செய்தவர்களுக்கு என்று ஏகப்பட்ட மானியம். 1888-ல் இனாம் செட்டில்மென்ட் நடந்தது. பல ஊழிய இனாம்களுக்கு ஊழியக் கட்டாயத்தை நீக்கி, ஒரு சிறு வரி போட்டு, அனுபவித்து வந்தவர்களுக்கே உரிமையாக்கினார்கள். அப்போது எல்லாக் குடும்பமும் யாருக்குப் பின் யார் என்று எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. மறுபடி 1955-ல் புதுக்கோட்டை இனாம்களுக்கென்றே தனிச் சட்டம் வந்தது. பெட்டியில் இருந்த பழைய பிரதியைப் பார்த்து மாமனார் நீல மையில் நகல் எடுத்தது அப்போதுதான் என்று ஒரு கிஸ்தி ரசீதின் தேதியை வைத்து ஊகிக்கிறேன்.

ஆக, இந்தத் தாளும் ஒரு மனு. நிலம் கேட்கும் மனு. நிலத்தில் பங்கு உள்ளவர்களின் பெயர் மட்டும் அதில் இருக்கிறது. அத்தையை யாரும் வேண்டுமென்றே மறக்கவில்லை. அவருக்குக் கேட்க எதுவும் இல்லை என்று அன்றைய வழக்கம் முடிவு செய்திருந்தது. நிலத்துக்காக எழுதிய தாளை அப்புறம் நாம் குடும்பத்தின் கதை என்று எடுத்துக்கொண்டோம். கோளாறு அங்கேதான். 1956-ல் இந்து வாரிசுரிமைச் சட்டம் வந்தது, 1989-ல் தமிழ்நாட்டில் பூர்வீகச் சொத்திலும் மகளுக்குச் சம பங்கு வந்தது. இன்று தாசில்தார் கொடுக்கும் வாரிசுச் சான்றிதழில் மகள்கள் பெயரும் இருந்தாக வேண்டும். ஆனால் பெட்டியில் இருக்கும் தாள் தானாக மாறாது.

நான் மைத்துனரிடம் இதையெல்லாம் விளக்கினேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அத்தான், அத்தை பேரு என்ன? நாங்க அத்தைன்னுதானே கூப்பிடுவோம்" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஐம்பது வருடம் அந்த வீட்டில் சோறு பொங்கியவரின் பெயர், அவர் வளர்த்த பிள்ளைக்கே தெரியவில்லை. என் மனைவிக்குத் தெரிந்திருந்தது. சிறு பிள்ளையாக இருந்தபோது கோயிலில் அர்ச்சனைக்குப் பெயர் சொல்லக் கேட்டு மனதில் நின்றதாம். அவளுக்கும் எழுபது ஆகப்போகிறது. இன்னும் பத்து வருடம் அந்தப் பெட்டி பரணில் இருந்திருந்தால், தாள் மிஞ்சினாலும் பெயர் மிஞ்சியிருக்காது.

அன்று சாயங்காலமே ஒரு முழுத்தாள் வெள்ளைக் காகிதம் வாங்கி வந்தேன். மாமனாரின் தாளை அப்படியே நகல் எடுத்தேன். ஒரு பெயரையும் மாற்றவில்லை. அவர் எழுதியது அவருடைய ஆவணம். பிறகு புதுத் தாளில் எத்தா சிவில் முறைப்படி ஒவ்வொருவருக்கும் தகப்பன் பெயர், தாய் பெயர், தாய் பிறந்த ஊர், கூடப்பிறந்த அனைவரும் என்று கட்டம் போட்டேன். மனைவியும் மைத்துனரும் சொல்லச் சொல்ல எழுதினேன். சில கட்டங்கள் காலியாகத்தான் கிடக்கின்றன. வலையப்பட்டியில் ஒரு பெரியம்மா இருக்கிறார், வரும் வாரம் போய்க் கேட்க வேண்டும்.

தொண்டைமான்களின் காகிதங்களுக்குக் கவலை இல்லை. 1916-ல் ராதாகிருஷ்ண ஐயர் சமஸ்தான வரலாறு எழுதினார். பின்னால் கே.ஆர். வெங்கடராம ஐயர் பெரிய மானுவலைத் தொகுத்தார். அமெரிக்காவிலிருந்து நிக்கலஸ் டர்க்ஸ் வந்து பழைய இனாம் கணக்குகளைப் படித்து 1987-ல் புத்தகமே போட்டார். நம் வீட்டுக் காகிதத்தைப் படிக்க அமெரிக்காவிலிருந்து யாரும் வரப்போவதில்லை. நாம்தான் பரணில் ஏற வேண்டும். முழங்கால் ஒத்துழைக்காவிட்டால் பேரனை ஏற்றிவிடுங்கள். பெட்டியை இறக்கியதும், வீட்டில் இருக்கும் மூத்த பெண்மணியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு பிரியுங்கள்.

தாளை முடித்ததும் மனைவியிடம் கொடுத்தேன். மறுபடி கண்ணாடி, மறுபடி விரல். தன் பெயரை அவள் தேடவில்லை. நேராக அத்தையின் கட்டத்துக்குப் போனாள். எழுத்துக் கூட்டி ஒரு தடவை வாய்விட்டுப் படித்தாள். "அந்த 'ள்' போடுங்க, விட்டுட்டீங்க" என்றாள்.

போட்டேன்.